முள் பூமியில் ஓடும் சின்னச் சக்கரங்கள்

மதுரையிலிருந்து ராமநாதபுரம் போகும் சாலையில் திருப்புவனம் வரைக்கும் தென்னையும் வாழையும் கூட வரும். மானாமதுரை தாண்டியதும் நிலத்தின் முகம் மாறிவிடுகிறது. வைகை வலப்பக்கமோ இடப்பக்கமோ மணலாகக் கிடக்கும். கண்மாய்க் கரை, ஓடை, தரிசு, ரயில் பாதை ஓரம் என்று எங்கே பார்த்தாலும் சீமைக் கருவேலம்தான். மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்து மரம் இது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்து, விறகுக்கும் வேலிக்கும் என்று பரவி, இன்றைக்கு ராமநாதபுரம் மாவட்டத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இங்கே இதற்கு ‘வேலிக்காத்தான்’ என்றும் பெயர் உண்டு. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இது சோறு. சம்சாரிக்கோ இது தீராத தலைவலி.

அந்தத் தலைவலியில் ஒரு பகுதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கணுவுக்குக் கணு இரண்டிரண்டாக நிற்கும் அந்த முள், பவர் வீடர், பவர் டில்லர், சாணி அள்ளும் தள்ளுவண்டி, மருந்து தெளிக்கும் டிராலி ஆகியவற்றின் சின்ன டயர்களை என்ன பாடு படுத்துகிறது, அதை இந்த ஊர்க்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்க்க மார்கழி மாதத்தில் பரமக்குடி, முதுகுளத்தூர், உத்தரகோசமங்கை, ராமநாதபுரம், உச்சிப்புளி என்று ஒரு சுற்று போய் வந்தோம். சின்ன டயர் என்றாலும் விஷயம் சின்னதல்ல. வடகிழக்குப் பருவமழையை மட்டுமே நம்பி, புழுதியில் நெல் விதைத்து, மிளகாய் நட்டுப் பிழைக்கிற பூமி இது. மழை விட்டு, கால் புதையாத பதத்துக்கு ஈரம் காய்ந்து, களை முற்றுவதற்குள் கிடைக்கும் இடைவெளி சில நாட்கள்தான். அந்த நாளில் காலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் டயர் சப்பையாகக் கிடக்கும். பஞ்சர் கடை எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அன்றைய பொழுது போச்சு. மறுநாள் மழை வந்தால் அந்த வாரமே போச்சு.

சின்ன டயருக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

பரமக்குடியிலிருந்து தெற்கே முதுகுளத்தூர் போகும் வழி முழுக்க மிளகாய்க் காடுதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய் விளைகிற மண். கரிசல் கலந்த காட்டில் ஒருவர் பவர் வீடர் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னால் இரண்டு ரப்பர் சக்கரம், பின்னால் கத்தி சுழலும் வகை. டயரின் பக்கச் சுவரில் ‘4.00-8’ என்று அச்சாகியிருந்தது. டயரின் அகலம் 4 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 8 அங்குலம் என்று அதற்குப் பொருள். ஆட்டோ ரிக்‌ஷாவுக்குப் போடுவதும் இதே அளவுதான். பட்டன் மட்டும் வேறு.

இந்த டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 16 அங்குலம். ஒரு முறை சுற்றினால் நாலேகால் அடி நகரும். இரண்டு அடி இடைவெளியில் வரிசை போட்டிருக்கும் ஒரு ஏக்கரை முடிக்க 21,780 அடி, அதாவது ஆறரை கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு ஏக்கருக்குச் சக்கரம் 5,000 தடவைக்கு மேல் சுற்றுகிறது. டயரின் ஒவ்வொரு இடமும் 5,000 தடவை மண்ணை மிதிக்கிறது. டிராக்டரின் பெரிய டயர் இதே தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் சுற்றும். முள்ளைச் சந்திக்கும் வாய்ப்பு சின்ன டயருக்குத்தான் அதிகம். ரப்பரும் மெலிசு. உழவு டயரில் ‘வி’ வடிவத்தில் நிற்கும் பட்டன்கள் கனமாக இருந்தாலும், பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே இருக்கும் பள்ளம் மெல்லியதுதான். முள் அங்கேதான் ஏறும்.

இன்னொரு காரணம் காற்றின் அளவு. 4.00-8 டயருக்குள் பிடிக்கும் இடம் ஏழெட்டு லிட்டர். டிராக்டரின் பின் டயரில் சுமார் இருநூறு லிட்டர். ஒரே அளவு ஓட்டை இரண்டிலும் விழுந்தால், டிராக்டர் டயரில் பத்து நாளில் தெரிகிற இறக்கம் சின்ன டயரில் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். ‘நேற்று சாயங்காலம்தானே காற்றடித்தேன்’ என்று பல பேர் புலம்புவதற்கு இதுதான் காரணம். ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை.

முதலில் காற்று போகும் வழியைக் கண்டுபிடி

முதுகுளத்தூர் அருகே சாலை ஓரத்தில் ஒரு பஞ்சர் கடை. பனை ஓலைச் சார்ப்பு, பழைய கம்ப்ரசர், ஒரு தண்ணீர்த் தொட்டி. கரி ஏற்றிப் போகும் வண்டிகளுக்கும் கைவண்டிகளுக்கும் பஞ்சர் ஒட்டி ஒட்டியே முடி நரைத்தவர் கடைக்காரர். பவர் வீடர் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்த இளைஞர், “அண்ணே, முள் ஏறிருச்சு, சீக்கிரம் ஒட்டிக் குடுங்க” என்றார். பெரியவர் சக்கரத்தைக் கையில் வாங்கவே இல்லை. “முள்ளுதான்னு யாரு தம்பி சொன்னா? கீழ வை. மொதல்ல காத்தடிப்போம்” என்றார்.

காற்றடித்தார். ஒரு பாட்டிலில் துணி சோப்பு கரைத்த தண்ணீர் இருந்தது. வால்வு வாயில் இரண்டு சொட்டு விட்டார். உடனே நுரை முட்டை ஊதியது. வால்வுக்குள் இருக்கும் சிறு ஊசி தளர்ந்திருக்கிறது. அதற்கான சாவியால் அரைச் சுற்று முறுக்கினார். முட்டை நின்றது. மறுபடியும் சோப்புத் தண்ணீரை டயர் முழுக்கத் தடவிப் பார்த்து, வேறு எங்கும் நுரைக்கவில்லை என்று உறுதி செய்த பிறகு வால்வு மூடியைப் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. மூடி இல்லாமல் ஓட்டியதால் புழுதி உள்ளே போய் ஊசியின் ரப்பரைக் கெடுத்திருக்கிறது என்று சொல்லி, ஒரு மூடிக்கு மட்டும் காசு வாங்கினார்.

“பத்து பேரு முள்ளுன்னு சொல்லிக்கிட்டு வாராக. அதுல பாதிப் பேருக்கு முள்ளே இருக்காது” என்பது அவர் கணக்கு. முள் காட்டிலேயே நிலைமை இது என்றால், முள் இல்லாத ஊர்களில் சொல்லவே வேண்டாம். இந்தச் சுற்றில் நாங்கள் பார்த்த எல்லாக் கடைகளிலும் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான்: காற்று எங்கே போகிறது என்று தெரியாமல் சக்கரத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடும்.

சோப்புத் தண்ணீரில் பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. ஒன்று, வால்வின் வாய். இங்கே நுரைத்தால் ஊசியை முறுக்கினால் போதும், அல்லது மாற்றினால் போதும். இரண்டு, வால்வின் அடி, ரிம்மைத் துளைத்து வெளியே வரும் இடம். டியூப்லெஸ் டயரில் இங்கே நுரைத்தால் வால்வு ரப்பர் வெடித்திருக்கிறது, வால்வையே மாற்ற வேண்டும். டியூப் உள்ள டயரில் இங்கே காற்று வந்தால், டியூபுக்குள் எங்கோ போகும் காற்று ரிம் ஓட்டை வழியாக வெளியே வருகிறது என்றுதான் பொருள். டியூபை எடுத்துத் தண்ணீரில் முக்கிப் பார்க்க வேண்டும். மூன்று, டயர் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடம். நான்கு, மண்ணை மிதிக்கும் பட்டன் பகுதியும் பக்கச் சுவரும். நான்கையும் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

முள்ளை எடுக்காமல் டியூபை ஒட்டினால்

அடுத்து வந்தது உண்மையாகவே முள் ஏறிய சக்கரம். ஒரு அக்கா தள்ளுவண்டிச் சக்கரத்தைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்திருந்தார். ஒரே மாதத்தில் மூன்றாவது பஞ்சர், மூன்றும் டியூபில் ஒரே பக்கம். கேட்டதும் கடைக்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டது. முந்தைய தடவை ஒட்டியவர் டியூபை மட்டும் ஒட்டிவிட்டு, டயருக்குள் முறிந்து நின்ற முள் நுனியை விட்டுவிட்டார்.

பெரியவர் செய்த முறையை வீட்டிலேயே யாரும் செய்யலாம். டியூபை வெளியே எடுப்பதற்கு முன்னால் வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். டியூபுக்குக் காற்றடித்துத் தொட்டியில் முக்கி, ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தூரம் என்று பார்த்தார். அதே தூரத்தை டயரில் கோட்டிலிருந்து அளந்தார். முள் எங்கே நிற்கிறது என்று அது காட்டிக்கொடுத்துவிட்டது. டியூப் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று மறந்துபோனால் இரண்டு பக்கமும் அளந்து பார்க்க வேண்டும்.

பிறகு விரலை உள்ளே விடாமல், ஒரு பழைய பனியன் துணியைச் சுருட்டி டயருக்குள் சுற்றிலும் துடைத்தார். துணி ஓரிடத்தில் மாட்டியது. முள் நுனி அங்கேதான். வெறும் கையால் தடவியிருந்தால் விரலில் ஏறியிருக்கும். சீமைக் கருவேல முள் குத்தி விரல் வீங்கியவர்களுக்கு அந்த வலி தெரியும். குறடால் வெளிப்பக்கம் இழுக்க வரவில்லை என்றால், உட்பக்கத்திலிருந்து ஒரு மொட்டை ஆணியால் வெளியே தள்ளிவிட வேண்டும். ஒரு முள் கிடைத்ததும் நிறுத்திவிடாமல் முழுச் சுற்றும் துடைக்க வேண்டும். இந்த முள் பெரும்பாலும் தனியாக வராது.

ஒட்டுவதிலும் அவசரம் கூடாது. ஓட்டையைச் சுற்றி ஒட்டு வைக்கும் அளவைவிடக் கொஞ்சம் அகலமாக உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பு போய் மங்கும் வரை சுரண்ட வேண்டும். தூசியைத் துடைத்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு வரும் வரை காத்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டை அமுக்கினால் நாலு நாளில் உரிந்துவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்கி, மேலே கொஞ்சம் முகப்பவுடர் தூவினால் டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாது. வால்வின் அடி கிழிந்த டியூபுக்கு ஒட்டு நிற்காது. அதற்குப் புது டியூப்தான்.

இந்தப் பக்கத்தில் பலர் பழைய ஸ்கூட்டர் டியூபை நீளவாக்கில் அறுத்து, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவே மெத்தை போல வைக்கிறார்கள். குட்டை முள் அதோடு நின்றுவிடும். ஆனால் அறுத்த ஓரத்தை உப்புத்தாளால் சீவி மெல்லிசாக்க வேண்டும். தடித்த ஓரம் உள்ளேயே தேய்த்துத் தேய்த்து டியூபை ஓட்டையாக்கிவிடும்.

நட்டைக் கழற்றும் முன் காற்றை எடு

உத்தரகோசமங்கை போகும் வழியில் தேரிருவேலி பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் பேசிக்கொண்டிருந்தபோதுதான், வாசகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் வந்தது. பவர் வீடர், தள்ளுவண்டி, பழைய ஸ்கூட்டர் ஆகியவற்றின் சின்ன ரிம்கள் பல, ஒரே துண்டு அல்ல. இரண்டு அரைத் தட்டுகளை எதிரும் புதிருமாக வைத்து நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். கடப்பாரை போட்டு டயரை நெம்ப வேண்டாம், நட்டைக் கழற்றினால் ரிம் இரண்டாகப் பிரிந்து டயர் தானே கையில் வரும் என்பதால் இது சுலபமான அமைப்பு. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

டியூபுக்குள் காற்று இருக்கும்போதே அந்த நட்டுகளைக் கழற்றினால், கடைசி நட்டு தளரும் நேரத்தில் இரண்டு தட்டும் வெடித்தாற்போல விலகிப் பறக்கும். குனிந்து வேலை செய்பவரின் முகமும் கையும் அதற்கு நேராக இருக்கும். வண்டியின் அச்சோடு சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டு வேறு, ரிம்மின் இரண்டு பாதியைப் பிடித்திருக்கும் நட்டு வேறு. சக்கரத்தைக் கழற்றப் போய் தவறான நட்டைத் தொடுவது எளிது. எனவே எந்த நட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன்னாலும் வால்வு ஊசியை முழுசாக வெளியே எடுத்துவிட வேண்டும். ‘டயர் சப்பையாகத்தானே இருக்கு’ என்று விட்டுவிடக் கூடாது. சப்பையாகத் தெரியும் டயரிலும் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கலாம். டயரைக் கையால் அமுக்கி, வால்வில் சத்தம் முழுசாக நின்ற பிறகே நட்டு.

திரும்பப் பூட்டும்போது டியூபுக்குக் கொஞ்சமே கொஞ்சம் காற்று கொடுத்து உருண்டையாக்கி, ரிம்மின் இரண்டு பாதிக்கு நடுவில் டியூப் கடிபடவில்லை என்று சுற்றிலும் பார்த்து, நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். எல்லா நட்டும் இறுகிய பிறகுதான் முழுக் காற்று. உழவு டயராக இருந்தால் பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி வண்டி முன்னால் போகும் திசையைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். இடது வலது மாறினால் இழுவை போய்விடும், பட்டனுக்குள் மண் அப்பிக்கொள்ளும்.

அந்தப் பட்டறைக்காரர் இன்னொன்றையும் சொன்னார். ரிம்மில் விரிசல் என்று டயரோடு கொண்டுவருபவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைத்தால் உள்ளே இருக்கும் காற்றும் ரப்பர் ஆவியும் சூடேறி டயர் வெடிக்கும். காற்றை எடுத்துவிட்டாலும் இந்த ஆபத்து உண்டு. ரப்பர் முழுசாக வெளியே வந்த பிறகே ரிம்மில் தீ வைக்க வேண்டும்.

கம்ப்ரசரிலும் கவனம் வேண்டும். லாரிக்கு 100 பவுண்டுக்கு மேல் அடிக்கும் குழாயைச் சின்ன டயரில் வைத்தால், ஏழெட்டு லிட்டர் இடம் சில நொடிகளில் நிரம்பி எல்லையைத் தாண்டிவிடும். டயரின் பக்கச் சுவரில் அதிகபட்ச அளவு அச்சாகியிருக்கும். அதைப் படித்துவிட்டு, விட்டு விட்டு அடித்து, ஒவ்வொரு தடவையும் அளவுக் கருவியில் பார்க்க வேண்டும். டயருக்கு நேராக முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கைபம்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. சின்ன டயருக்குக் கைபம்பே போதும்.

கடற்கரைப் பக்கம் எதிரி முள் அல்ல, துரு

ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளி பக்கம் போனால் மணல் பூமி, தென்னந்தோப்பு, உப்புக் காற்று. இங்கே தேங்காய், மட்டை, எரு எல்லாம் தள்ளுவண்டியில்தான் நகர்கிறது. தோப்பில் வேலை செய்தவர்களிடம் கேட்டால் முள்ளைப் பற்றி அதிகம் பேசவில்லை. “மூணு நாளைக்கு ஒருக்கா காத்தடிக்கணும், எங்க போகுதுன்னே தெரியல” என்றார்கள்.

சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் தெரிந்துவிட்டது. டயர் விளிம்பும் ரிம்மும் சேரும் இடத்தில் சுற்றிலும் பொடி நுரை. இது டியூப் இல்லாத டயர். உப்புக் காற்றும், சாணியும், உர மூட்டையிலிருந்து சிந்தும் உரமும் சேர்ந்து ரிம்மைத் துருவாக்கி, செதில் செதிலாகப் பெயர்த்துவிட்டன. அந்தச் சொரசொரப்பு வழியாகக் காற்று கசிகிறது. எத்தனை பஞ்சர் ஒட்டினாலும் இது நிற்காது.

சரிசெய்ய வழி இருக்கிறது. காற்றை எடுத்து, டயர் விளிம்பை ரிம்மிலிருந்து விலக்கி, கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவை வழவழப்பாகும் வரை சுரண்ட வேண்டும். துடைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிட வேண்டும். டயரின் விளிம்பில் ஒட்டியிருக்கும் துருத் தூளையும் துடைக்க வேண்டும். பூட்டும்போது சோப்புத் தண்ணீர் தடவினால் டயர் வழுக்கி உட்காரும். டீசல், கிரீஸ், மண்ணெண்ணெய் தடவக் கூடாது. ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். ரிம் ஓட்டை விழும் அளவுக்குத் துரு தின்றிருந்தால் புது ரிம்தான் வாங்க வேண்டும்.

டியூப்லெஸ் சின்ன டயரில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பல நாள் சப்பையாகக் கிடந்த டயரின் விளிம்பு உள்ளே ஒடுங்கிவிடும். எவ்வளவு பம்பு அடித்தாலும் காற்று உள்ளே நிற்காமல் பக்கவாட்டில் போய்விடும். தோப்பில் இதற்குச் செய்யும் வேலை எளிமையானது. டயரின் நடுவில், மண்ணை மிதிக்கும் பக்கத்தைச் சுற்றி ஒரு தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குகிறார்கள். நடுப்பகுதி அமுங்கியதும் விளிம்புகள் இரண்டு பக்கமும் விரிந்து ரிம்மைத் தொடுகின்றன. சோப்புத் தண்ணீர் தடவி வேகமாகக் காற்றடித்தால் பிடித்துக்கொள்கிறது. பிடித்தவுடன் கயிற்றைத் தளர்த்திவிட வேண்டும். பெட்ரோலை உள்ளே தெளித்துத் தீக்குச்சி கிழித்து விளிம்பை உட்கார வைப்பதாகக் கைபேசிப் படங்களில் காட்டுகிறார்கள். அந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். ஒரு டயருக்காகக் கண்ணைக் கொடுக்க முடியாது.

கயிற்றுக்கும் மசியாத டயருக்குக் கடைசி வழி, உள்ளே ஒரு டியூப் போட்டுவிடுவது. அதே அளவு டியூபாக இருக்க வேண்டும். வால்வு ஓட்டையின் ஓரத்தையும் ரிம்மின் உட்புறத்தையும் சொரசொரப்பு இல்லாமல் சீவிவிட்டுப் போட வேண்டும்.

மருந்து ஊற்றலாமா, இரும்புச் சக்கரம் போடலாமா?

வால்வு வழியாக ஊற்றும் பஞ்சர் தடுப்புத் திரவம் இப்போது உரக்கடை வரை வந்துவிட்டது. சக்கரம் சுற்றும்போது உள்ளே பரவி, முள் ஏறிய சிறு ஓட்டைகளை நாரும் பசையுமாக அடைப்பதுதான் அதன் வேலை. டயர் மண்ணை மிதிக்கும் பக்கத்தில் முள் ஏறுவதற்கு அது நல்ல துணை. பக்கச் சுவர் வெடிப்பு, வால்வின் அடிக் கிழிசல், துருப்பிடித்த ரிம் இவற்றுக்கு அதை நம்பக் கூடாது. டப்பாவில் சொல்லியிருக்கும் அளவை, டயரின் அளவுக்கு ஏற்ப மட்டும் ஊற்றுங்கள். பின்னால் பஞ்சர் ஒட்ட நேர்ந்தால், திரவம் ஊறிய இடத்தைச் சுத்தமாகக் கழுவிக் காயவைக்காமல் ஒட்டு பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

காற்றே இல்லாத கெட்டி ரப்பர் சக்கரம் தள்ளுவண்டிக்குக் கிடைக்கிறது. பஞ்சர் கவலை அறவே இல்லை. ஆனால் கனம் கூடுதல், மேடு பள்ளத்தில் குலுக்கல் முழுவதும் கைக்கு வரும், மணலில் புதையும். தொழுவத்துக்கும் எருக்குழிக்கும் நடுவே ஓடும் வண்டிக்கு அது சரி. தென்னந்தோப்பு மணலுக்குக் காற்று டயர்தான்.

கருவேலங்காட்டை வெட்டித் திருத்திய நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவைத் தொடர்ந்து தென் மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்றும் வேலை வேகம் பிடித்தது. பலர் ஜே.சி.பி. வைத்து வேரோடு பிடுங்கித் தரிசைத் திருத்தினார்கள். அடி மரம் கரிமூட்டத்துக்குப் போய்விடும். நொறுங்கிய சிறு கிளைகள் மண்ணோடு மண்ணாகப் புதைந்து கிடக்கும். ஒவ்வொரு உழவிலும் அந்த முள் மேலே வரும். இப்படிப்பட்ட நிலத்தில் முதல் வருடமே ரப்பர் சக்கரத்தை இறக்கினால் பஞ்சர் ஒட்டியே கூலி போய்விடும். உழவுக்கு முன்னும் பின்னும் முள் வாரியால் சிறு கிளைகளைக் கூட்டி அள்ளுங்கள். முதல் ஓரிரு உழவை டிராக்டரில் முடியுங்கள். பவர் டில்லர் இறக்குவதாக இருந்தால் இரும்புச் சக்கரம் மாட்டுங்கள். இரண்டு மூன்று மழைக்குப் பிறகு முள் மக்கி, முறியும் பதத்துக்கு வந்துவிடும்.

களை எடுக்கும் நாளுக்கு முந்தின நாள்

இந்தச் சுற்றில் பார்த்தவர்களில் வேலை கெடாமல் ஓட்டுபவர்கள் எல்லோரிடமும் ஒரு பழக்கம் பொதுவாக இருந்தது. வேலை நாளன்று காலையில் அல்ல, முந்தின நாள் மதியமே சக்கரத்தைப் பார்க்கிறார்கள். காற்றடித்து, வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டு, பட்டன் பள்ளங்களில் நிற்கும் முள்ளைக் குறடால் பிடுங்கிவிடுகிறார்கள். வெளியே தலை தெரியும் முள், நாளைக்கு 5,000 தடவை மிதிபட்டு உள்ளே இறங்கப் போகும் முள். இன்றைக்குப் பிடுங்கினால் பாதி டியூபைத் தொட்டிருக்கவே தொட்டிருக்காது.

வேலை முடிந்து மாதக் கணக்கில் நிறுத்தும்போது கருவியைச் செங்கல் அடுக்கில் தூக்கி வைத்து, சக்கரம் தரையில் படாமல் விடுங்கள். வெயிலில் நின்றால் ரப்பர் வெடிக்கும். எஞ்சினிலிருந்து ஒழுகும் டீசலும் ஆயிலும் டயரில் படக் கூடாது. மாதம் ஒரு தடவை காற்றைப் பாருங்கள். புது டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருந்தால் படியுங்கள். ‘2319’ என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பல வருடம் கடையில் கிடந்த டயரை முழு விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

கருவிப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகம் இல்லை: கைபம்பு, காற்று அளவு பார்க்கும் கருவி, வால்வு ஊசிச் சாவி, இரண்டு வால்வு ஊசி, நாலு மூடி, உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டு, ஒரு குறடு, பழைய பனியன் துணி, ஒரு பாட்டில் சோப்புத் தண்ணீர். இதோடு உங்கள் சக்கரத்தின் அளவில் ஒரு புது டியூப். டயரின் எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைத்துவிட்டால், யார் கடைக்குப் போனாலும் சரியான டியூபோடு வருவார்கள். மழை விட்ட மறுநாள் ஊரே பஞ்சர் கடையில் நிற்கும்போது உங்கள் பவர் வீடர் வரப்பைத் தாண்டி முதல் வரிசையில் இறங்கியிருக்கும்.